நிழலுக்குப் பிறந்த செடிகள்

என்னவருக்கு அன்புடன் எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் இங்கே சுகம். கப்பலில் உங்கள் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும்.

வீட்டை விற்க புரோக்கரிடம் பேசிவிட்டதாகவும், அவர் ஆளைக் கூட்டி வந்தால் வீட்டைத் திறந்து காட்டும்படியும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பின்பக்கத் தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மாடிமேல் மாடி கட்டியதும் நம் தோட்டத்துக்கு வெயில் போயிற்று. உங்கள் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மதிலோரம் நின்று நீங்கள் அவரோடு சத்தம் போட்டதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்றுகூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து எல்லோரையும் ஊருக்கு வெளியே காட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெரிய மரங்களுக்கடியில், பகலிலேயே மங்கலாக இருந்த இடத்தில், இடுப்பளவுப் புதர்கள். கிளை வளைய வளையக் கருநீலப் பழங்கள். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு தித்திப்பு. இவ்வளவு நிழலில் எப்படிக் காய்க்கிறது என்று வனக் காவலரிடம் கேட்டேன். "இந்த மண்ணுலயே பொறந்து வளர்ற செடிம்மா இது. உச்சி வெயில் பட்டா இலை கருகிடும். இதுக்கு நிழல்தான் சுகம்" என்றார். எனக்குச் சட்டென்று நம் தோட்டம் கண்முன் வந்தது. அவர் அனுமதியோடு ஒரு கைப்பிடி பழத்தைச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்தேன்.

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையைப் போக்கினேன். மிதந்த விதையெல்லாம் சொத்தை; அடியில் தங்கியதுதான் தேறும். எள்ளைவிடப் பொடிசு. கடையில் மூக்குக்கண்ணாடித் திருகாணியை எடுக்கும் இடுக்கியால் பொறுக்கி, மக்கிய இலையும் மணலும் கலந்த தட்டுகளில் தூவி, மதிலோரம் வைத்தேன்.

அப்புறம் காத்திருப்புதான். மாமாவைத் தெரியாதா, உங்கள் அப்பாவாயிற்றே? ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். தினமும் தட்டை எட்டிப் பார்த்து, "என்னம்மா, வண்டி இன்னும் டிப்போவை விட்டே கிளம்பலையா?" என்று கேட்பார். வாரங்கள் மாதங்களாயின. எனக்கே நம்பிக்கை விட்டுப்போய்த் தட்டைக் கவிழ்த்துவிட நினைத்தேன். அவர்தான், "இருக்கட்டும், பெட்ரோலா கேக்குது?" என்று தடுத்தார். ஒருநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, "கிளம்பிடுச்சு! கிளம்பிடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் வாய் நுரையோடு ஓடினேன். தட்டு முழுக்கக் குண்டூசித் தலை அளவில் பச்சை. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் தெருவே எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

செடிகள் நாலைந்து இலை விட்ட சமயத்தில் வந்தது வினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மோட்டாரை அணைக்க மறந்து, மொட்டைமாடித் தொட்டி வழிந்து, தண்ணீர் நேராக என் தட்டுகள்மேல் கொட்டியது. செடிகள் மண்ணோடு புரண்டு சாக்கடைப் பக்கம் போகின்றன. "மோட்டாரை நிறுத்துங்க! என் பிள்ளைங்க போகுது!" என்று கத்திவிட்டேன். என்ன வார்த்தை வாயில் வருகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்த மனிதர் பாதி சவரம் செய்த முகத்தோடு பதறிக்கொண்டு ஓடி வந்தார். நமக்கு ஏது பிள்ளை என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. செடி என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். சேற்றில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். மாமா டீ வடிகட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வடிகட்டியால் அள்ள, நான் இடுக்கியால் எடுக்க, மாமா கிண்ணங்களில் மண் நிரப்ப, மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. முக்கால்வாசி பிழைத்துக்கொண்டன.

எழுந்திருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க வெயிலை நான்தான்மா எடுத்துக்கிட்டேன். அன்னைக்கே வந்து பேசியிருக்கணும். வாய் வரல." காய்ந்துபோன சவர நுரையைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். மாமாதான், "முதல்ல உக்காந்து சாப்பிடுங்க, சார்" என்றார்.

அடுத்த வாரமே, வழியும் தண்ணீர் அவர் பக்கமே இறங்கும்படி தொட்டிக்குக் குழாய் போட்டார். நான் கேட்காமலே, நம் பக்கம் பார்த்த அவர் சுவர் முழுக்க வெள்ளையடித்தார். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இப்போது தோட்டமெங்கும் பால் மாதிரி பரவுகிறது. சுடாத வெளிச்சம். செடிகளைத் தரையில் நட்டாயிற்று. என் முழங்காலைத் தொடுகின்றன. இரண்டு செடிகள் அவர் வீட்டிலும் வளர்கின்றன. சாயங்காலமானால் மாமாவும் அவரும் சீட்டாடுகிறார்கள். இருவருமே ஏமாற்றுகிறார்கள்.

புரோக்கர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டைக் காட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் செடிகள் காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருஷமாகுமாம். அந்தப் பழத்தை யாரோ பறிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்கள் மனசு ஆறாமல் விற்கத்தான் வேண்டும் என்றால், அதை இங்கே வந்து, தோட்டத்தில் நின்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

என்ஜின் அறைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். காதுக்கு அடைப்பான் போடாமல் இறங்காதீர்கள். போன முறை போனில் நான் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்; அது லைனின் கோளாறாகவே இருக்கட்டும்.

நேற்று பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "சார் எப்ப வர்றாரும்மா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் உள்ளே வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு தேதி எழுதி அனுப்புங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி