காட்டைப் பார்த்த வீடு

அண்ணனுக்கு,

உங்கள் வீட்டை நேற்றே காலி செய்துவிட்டோம். சாவி பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காட்டை பிளாட் போடுகிறவர்கள் வாங்கிவிடக் கூடாது என்று, இரண்டு வருடம் ஞாயிறுதோறும் தெருத்தெருவாக வசூலுக்கு அலைந்தேன். உங்கள் வாசலுக்கும் வந்தேன். "காடு இருந்தா பாம்புதான் வரும். உனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள்.

வசூலான பணத்தில் ஊரே சேர்ந்து வாங்கியதால் காடு தப்பித்தது. இனி அங்கே யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. அடுத்த மாதமே உங்கள் விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தேன்: 'காட்டைப் பார்த்த வீடு வாடகைக்கு.' போன் செய்தபோது, "தங்கச்சின்னு பாத்துட்டே இருந்தா நான் எப்படிப் பொழைக்கிறது? இப்ப அந்த ஜன்னலுக்கே தனி வாடகை கேக்கலாம்" என்றீர்கள். நியாயம்தான்.

புது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். படுத்த படுக்கையாக இருக்கும் இவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். காடு எங்கே என்று இன்னும் கேட்கவில்லை.

பின்னறை ஜன்னலை நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்களை முதலில் அங்கே கூட்டிப்போய் நிறுத்துங்கள். பாம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் குடியிருந்த
தங்கை