எழுப்பாமல் விட்ட மத்தியானம்

போதிய காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இனி முடியாது. இன்று காலை நூலகத்தில் ஒரு தாதி எங்கள் முன்னால் கதிரையில் சாய்ந்து, வாயைத் திறந்து, தொண்டையால் ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினாள். ஈரமான, இழுபட்ட குறட்டை. நீண்ட இடைவெளி. மறுபடியும் குறட்டை. "இது நித்திரை அல்ல, மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறது" என்றாள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். உன்னிடமிருந்துதான்.

போதைமருந்து அளவு மீறி நினைவிழக்கிறவர்களைக் காப்பாற்ற நூலகத்தில் நடக்கும் பயிற்சி அது. இந்த முறை தரை துடைக்கிற நானும் வரவேண்டும் என்று கட்டளை. முதல் பயிற்சிக்கு அப்படிக் கட்டாயம் இருக்கவில்லை. நான் அதற்குப் போகாததன் காரணம் நீ.

போர்கோ வெக்கியோ நூலகத்துக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கும் அதைத் தமிழில் சொல்லவேண்டும் என்று, நாங்கள் சின்யோரா என்று கூப்பிடும் பொறுப்பாளர் அம்மா ஓர் ஆளைத் தேடினார். நான் பத்து வருடமாக அந்தத் தரையைத் துடைக்கிறவன். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவன். இத்தாலிய மொழியை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தவன். அவர் உன்னைக் கேட்டார். நீ பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். உன் இத்தாலியன் சந்தையில் மீன்காரர்களிடம் பொறுக்கியது. ஆனால் நீ வாய் திறந்தால் அவர்கள் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார்கள். நான் பேசினால் வியந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"வா மச்சான், ரெண்டு மணித்தியாலம்தான். நான் எங்கையேன் பிழையாச் சொன்னா நீ திருத்தலாம்."

"உன்னைத்தானே கூப்பிட்டவ. நீயே போய் வெட்டிக் கிழி."

"பொறாமையடா உனக்கு."

"ஓம். இப்ப சந்தோசமே?"

பயிற்சி முடிந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாய். போதையை முறிக்கிற மருந்து மூக்கில் அடிப்பது என்றும், வரவேற்பு மேசையின் இழுப்பு லாச்சியில் இருக்கிறது என்றும் சொன்னாய். "ஆள் கீழை விழுந்து கிடக்கவேணும் எண்டில்லை மச்சான். கதிரையிலை இருந்தபடியும் வரும். மூச்சிலை ஒரு சத்தம்..." என்று தொடங்கினாய். "உன்ரை குறட்டையைவிடப் பெரிசோ?" என்று நான் வெட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்பதை நீ சொல்லி முடிக்கவே இல்லை.

உன் குறட்டையை எங்கள் ஆட்கள் எல்லோரும் அறிவார்கள். விடிய ஆறு மணிக்குக் கால்சா பகுதியில் வீட்டுவேலை, பின்னேரம் நகரத்தின் கடைக்கோடியில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் உணவகச் சமையலறை. இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வரக் கட்டாது என்று, ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் உறங்குவாய். நூலகத்தில் உறங்கக்கூடாது என்பது அவர்களின் விதி. இரண்டு வேலை செய்கிறவனை எழுப்பக்கூடாது என்பது எங்களுடைய விதி. பஸ்சிலும் அப்படித்தான், கோயில் மண்டபத்திலும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவன் காவல் இருந்து, நேரம் வந்தால் மட்டும் தட்டுவான். நான் உன் மடியில் ஒரு பத்திரிகையை விரித்து, குனிந்து வாசிக்கிறவன்போல் உன்னை ஆக்கிவிட்டுப் போவேன். உன்னோடு கதையாமல் இருந்த நாட்களிலும் அதைத் தவறவிட்டதில்லை.

அந்த மாசி மாத மத்தியானமும் விரித்தேன். குறட்டை வழமையைவிடத் தாழ்ந்து, இழுபட்டுக் கேட்டது. அந்தப் பக்கம் வந்த சின்யோரா நின்று உன்னைப் பார்த்தார். "இவருக்கு உடம்பு சரிதானா? எழுப்பிப் பார்ப்போமா?" என்று கேட்டார். அவர் பயிற்சி எடுத்தவர். லாச்சி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் என் பிசகாத இத்தாலியனில், "களைத்துப்போயிருக்கிறார் சின்யோரா. விடியுமுன் எழும்பிய மனிதர். உறங்கட்டும்" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நல்ல நித்திரைக்குப் போய்விட்டாய் என்று எண்ணி, வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன்.

உன் பஸ்சுக்கு நேரமானபோது வந்து தோளைத் தட்டினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. சின்யோரா ஓடிவந்து மூக்கில் மருந்தை அடித்தார். ஆம்புலன்சும் வந்தது. நீ அசையவில்லை.

ஊர்ச்சனம் மாரடைப்பு என்றது. செத்தவீட்டில் போதைமருந்து என்ற சொல்லை யார் எடுப்பது? உன் முதுகு வலிக்கு டொக்டர் எழுதித் தந்த செரோத்தோவை, தோலில் ஒட்டுகிற அந்தத் துண்டை, பூங்காவில் ஊசி போடுகிறவர்களின் மருந்தோடு நாங்கள் சேர்த்துப் பார்த்ததே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்று தாதி இன்று சொன்னாள். அதைத் தமிழில் எங்கள் ஆட்களுக்குச் சொன்னவன் நீ. அப்படியிருந்தும் பழையதை உரிக்காமல் இன்னொன்றை ஒட்டச் சொன்னாயே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று நடந்ததைப் பற்றிச் சின்யோரா ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை; அவர்மேலும் எனக்கு அது ஒரு குறைதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒட்டிவிட்டது உன் மனைவி. செத்தவீட்டன்று என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணை, சனிக்கிழமை வேலை கூட, நிக்கேலாது எண்டு கேட்டவர். நான்தான் ரெண்டாவதையும் ஒட்டிவிட்டனான். நானெல்லே அவரைச் சாகடிச்சனான்?"

"இல்லைத் தங்கச்சி, அது ஹார்ட்" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவந்தாரே, அதையும் விட்டுவிட்டார். இன்னொருவருக்கு இனி மருந்து எடுத்துக் கொடுக்கமாட்டாராம். சோம்பேறியாகிவிட்டார் என்று எங்கள் ஆட்கள் கதைக்கிறார்கள். கதைத்தவர்கள் ஒவ்வொருவரையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடமாக அவர்கள் முன்னால் நானும் வாய் திறக்கவில்லை.

நீ போனதிலிருந்து, நூலகத்தில் உறங்குகிற எவரையும் நான் எழுப்பாமல் விடுவதில்லை. இன்று பின்னேரமும் ஒருவனைத் தட்டினேன்.

"விசரோ அண்ணை? இப்பதானே கண்ணை மூடினனான்!"

"பேரைச் சொல்லும்."

"என்ரை பேர் உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும். நீர் சொல்லும்."

முறைத்துக்கொண்டே சொன்னான். அதன் பிறகுதான் நகர்ந்தேன். நித்திரையின் அருமை தெரியாதவன் என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது கேட்டது. சொல்லட்டும். அவர்கள் பெயரைச் சொல்லும் குரலைக் கேட்காமல் என்னால் இனி அந்தக் கதிரைகளைத் தாண்டிப் போகமுடியாது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

இரண்டாவது துண்டை ஒட்டிய பிறகும் நீ மத்தியானம்வரை உயிரோடு இருந்தாய் என்பதும், மருந்து பத்தடியில் இருந்தது என்பதும், உன்னை எழுப்பக் கேட்டவரைத் திருப்பி அனுப்பியது நான் என்பதும் உன் மனைவிக்குத் தெரியவேண்டும். அதனால் இந்தக் கடிதத்தின் உறையில் உன் வீட்டு முகவரியையே எழுதியிருக்கிறேன். யார் எழுதியது என்று வாசித்தவுடன் அவருக்கு விளங்கும். ஆனால் என் பெயரைப் போட்டால் பதில் கேட்டதாக ஆகிவிடும். இரக்கப்பட்டு, "பரவாயில்லை அண்ணை" என்று சொல்ல வந்துவிடுவார். அந்தச் சொல்லை அவரிடம் வாங்க எனக்கு உரிமை இல்லை. கோழை என்பாய். அதுவும் உண்மைதான். நாளை வேலைக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். கையெழுத்து வைக்கப்போவதில்லை.