பழைய கேமராவுக்கு ஓய்வு நாள்

கரடுமலை நிலையம், செவ்வாய்க் கோள்

நாள் 211, 07:10
கேமரா ஒப்பீடு: ஜன்னலோரம் நின்று உள்ளேயும் வெளியேயும் திரும்பிப் பார்க்கும் இரண்டு கேமராக்கள். எழுதுபவர் அமலோற்பவம், கருவிப் பரிசோதகர்.
பழையது: இருபத்திரண்டு வருட உழைப்பு, இரும்பு உடம்பு. இரண்டு முறை விழுந்தும் பழுதில்லை. ஆனால் வெளிக்கதவில் சின்னக் கீறல் தெரிந்தாலும் எச்சரிக்கை எழுப்பி உயிரை வாங்குகிறது.
புதியது: வந்து இரண்டு மாதம், பிளாஸ்டிக் உடம்பு. தூசி, கீறல் எல்லாவற்றையும் தானே துடைத்துப் பளிச்சென்று காட்டுகிறது. சோதனைக்கு என் முகத்தை எடுத்தேன். நான் முறைத்தேன், படத்தில் சிரிக்கிறேன்.
மதிப்பெண்: புதியது ஒன்பது, பழையது நான்கு.

நாள் 212, 08:30
ஆயுத பூஜை. இங்கே எனக்கிருக்கும் ஒரே துணையான ஆவுடையப்பன் பழையதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் துணியால் மூடிவிட்டான். இன்று தொடக் கூடாதாம். புதியதற்கு ஏன் இல்லையென்று கேட்டேன். "அது நேத்து வந்த பய. உழைச்சதுக்குத்தானக்கா ஓய்வு" என்றான். எனக்கென்ன, எச்சரிக்கைத் தொல்லை இல்லாமல் ஒரு நாள்.

11:05
ஆண்டெனா சாய்ந்துவிட்டது. கருவிக்குத்தான் ஓய்வு, அவன் வெளியே போகிறான். விதிப்படி இரண்டு கேமராவிலும் கதவைப் பார்க்க வேண்டும். புதியதில் மட்டும் பார்த்தேன். "குறை ஏதுமில்லை." அனுமதித்தேன்.

12:40
ரேடியோ: "அக்கா, வேல முடிஞ்சிட்டு. உள்ள வாரேன். பாயசத்த ஆற வச்சிராதிய."

12:58
உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவிலுள்ள கதவறையில் காற்று நிரம்பும்போது வெளிக்கதவு பெயர்ந்தது. காற்று அவனை வெளியே வீசிவிட்டது. ரேடியோவில் பதில் இல்லை. உள்கதவின் ரப்பரும் கிழிந்திருக்கிறது, காற்று போகிறது. என் விண்ணுடை அந்த அறையில்தான் தொங்கியது. அதுவும் போய்விட்டது.

13:20
புதியதில் தேடினேன். சுத்தமான செம்மண். யாருமில்லை.
துணியை எடுத்தேன். பழையதில் தெரிகிறான். முப்பது மீட்டர் தள்ளி, தூசி மூடிக் கிடக்கிறான். புதியது அவனையும் தூசியென்று துடைத்துவிட்டது.
கை அசைந்தது. இரண்டு முறை.

13:35
பழையது நேற்று மாலை எடுத்த படத்தைப் பார்த்தேன். கதவின் கீலில் மயிரிழைக் கோடு. அதற்கு எழுந்த எச்சரிக்கையைப் படத்தைப் பார்க்காமலே அணைத்தது நான்தான். இன்று பார்த்திருந்தால் அது விரிந்தது தெரிந்திருக்கும். பாவி நான்.

14:10
கை அசையவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது.
மதிப்பெண் திருத்தம்: பழையது பத்து. புதியது

14:22
புதியது என்னை எடுத்துக்கொண்டே இருக்கிறது. கண்டெடுப்பவரே, அந்தப் படத்தை நம்பாதீர்கள். அதில் சிரித்துக்கொண்டிருப்பேன். நான் சிரிக்கவில்