இடது பக்கமாக வரும் ரயில்

ஜூன் 9, 2025 – திங்கள்

மறைமலை நகரிலிருந்து கம்பெனி பஸ் வழக்கம்போல அரை மணி தாமதம். வீட்டுக்கு வந்தால் இவர் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு டிரைலர் டிரைவர் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரிக்கு சந்தேகம் வரத்தானே செய்யும்?

கேட்டேன். டிரைலரின் இடது பக்கத்தில் மறுபடியும் உரசல். படாளம் தாண்டி ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே வந்தானாம். இந்த வருடத்தில் மூன்றாவது முறை. மூன்றுமே இடது பக்கம். முதலாளி ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய் விஜயவாடா லோடு. அதில் ஒரு கோடு விழுந்தாலும் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம்.

"ஒரு வாரம் ரெஸ்ட்டுன்னு நெனச்சிக்கோ," என்றார். இருபத்தாறு வருடம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான்தான் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

இதற்கு நடுவில், என்னைப் போலவே பொம்மை ரயில் சேர்க்கிற கூடுவாஞ்சேரி ராஜாராம் அண்ணன் அனுப்பிய பார்சலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்னுடைய பொம்மை ரயிலுக்குப் பன்னிரண்டாவது பிளாட் வேகன். மஞ்சள் நிறம், முதுகில் இரண்டு டிரைலர். வருகிற நேரத்தைப் பார்.

ஜூன் 10 – செவ்வாய்

பிரித்தேன். அடுத்த வேகனோடு மாட்டும் கப்ளிங்கில் லேசான விரிசல், மற்றபடி அழகு. சந்தோஷப்படலாமா என்று யோசித்து, கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

ஜூன் 11 – புதன்

இன்று எனக்கு நல்ல மூக்குடைப்பு.

ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பெனிக்கு வந்திருந்த அமெரிக்க இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, வயரிங் செக்‌ஷனில் இருந்த எனக்கு ஒரு பொம்மை வேகனைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டையான வேகன், அதன்மேல் லாரி இல்லாமல் இரண்டு டிரைலர். அவர்கள் ஊரில் டிரைலரை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்புவார்களாம். அன்று பிடித்த பைத்தியம். பழைய கட்டில் பலகையை ஹாலில் மேஜை மாதிரி போட்டு, வட்டமாகத் தண்டவாளம் போட்டு, இன்ஜின் வாங்கி, இதோ பன்னிரண்டு வேகன் வரை வந்துவிட்டேன். இவர் ஒரு நாளும் கிட்ட வந்ததில்லை. "ரோட்ல இழுக்கறது போதாதா, வூட்லயும் டிரைலரா" என்பார்.

இன்று டீ தம்ளரோடு வந்து நின்றார். ரயில் இரண்டு சுற்று போனது. சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மார்க்ரெட்டு, ஒண்ணு மூஞ்ச இந்தப் பக்கம் வெச்சிகினு கீது, ஒண்ணு அந்தப் பக்கம் வெச்சிகினு கீது?"

"எதிரும் புதிருமா இருந்தா அழகா இருக்குதுன்னு வெச்சேன்."

"அழகாத்தான் கீது. எறக்குறது எப்டி? ஏத்தறப்பவே லாரி ஒரு கோடியிலேர்ந்து ஏறி, ரிவர்ஸ்லயே தள்ளிகினு போய் ஒண்ணொண்ணா வுடணும். அப்ப எல்லா மூஞ்சும் லாரியப் பாத்துதான் நிக்கும். நடுவுல ஒண்ணு திரும்பி நின்னா, அதுக்குப் பின்னாடி கீறதெல்லாம் மாட்டிகிச்சே."

ஆறு வருடம். ராஜாராம் அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டிரைவர் பெண்சாதி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனால் இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்காக இன்னும் இரண்டு தப்பு செய்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 12 – வியாழன்

நான் வேலையிலிருந்து வருவதற்குள் அட்டையை வெட்டி, டிரைலர் ஏறுவதற்கு ஒரு சாய்தளம் செய்து வைத்திருக்கிறார். பொம்மை லாரியில் டிரைலரை மாட்டி, விரல் நுனியால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, கடைசி வேகன் வரை கொண்டுபோய் நிறுத்துகிறார். டிரைலரின் மூக்குக்கு அடியில் இருக்கும் கிங்பின் என்கிற முளை, வேகனில் நிற்கும் குட்டிக் காலில் சரியாக உட்கார வேண்டும். எனக்கு நாலு தடவை ஆகும். இவருக்கு ஒரே தடவை. வாயிலேயே ரிவர்ஸ் பீப் சத்தம் வேறு.

இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்தது கிடையாது. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன் – எழுதியே வைக்கிறேன்.

நான் ஓட்டிய ரயில் மட்டும் இவர் கையில் இடித்துக் கவிழ்ந்தது. "ஹாரன் அடிச்சா இன்னா?" என்று என்னைத்தான் திட்டினார்.

ஜூன் 13 – வெள்ளி

இன்றும் இரண்டு முறை கையில் இடித்தது. கிட்டத்தில் இருப்பது இவ்வளவு நன்றாகத் தெரிகிற ஆளுக்கு, வருகிற ரயில் ஏன் தெரியவில்லை? டிவி சத்தத்தில் காதில் விழவில்லை, சரி. கண்ணுக்கும் தெரியவில்லையா?

இரண்டு முறையும் இடது பக்கத்திலிருந்து வந்தது.

ஜூன் 14 – சனி

இன்று நான் செய்தது நல்ல காரியமா என்று தெரியவில்லை.

இவர் சாய்தளத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கை தண்டவாளத்தின் மேலேயே இருந்தது. நான் எதிரில் நின்று ரயிலை ஓட்டினேன். முதலில் இவருக்கு வலது பக்கத்திலிருந்து வருகிற மாதிரி ஐந்து சுற்று. ஐந்து முறையும் தலையைத் தூக்காமலே கையை எடுத்துவிட்டார். அப்புறம் திருப்பி, இடது பக்கத்திலிருந்து விட்டேன். நாலு முறை இடித்தது. ஐந்தாவது முறை பார்க்கச் சகிக்காமல் நானே நிறுத்திவிட்டேன்.

"உன் இன்ஜின்ல இன்னமோ கோளாறு கீது," என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். புருஷனுக்குத் திருட்டுத்தனமாகப் பரீட்சை வைத்தவள் வேறென்ன சொல்வது?

ஜூன் 15 – ஞாயிறு

கோயிலுக்குப் போகும்போது எதிரில் வந்தவரின் தோளில் இடித்துக்கொண்டார். இடது தோள். பிரசங்கம் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை லோடு. நாற்பது அடி வண்டி. சொல்ல வாய் வரவில்லை, கோழை நான்.

ஜூன் 16 – திங்கள்

சொல்லிட்டேன்.

நாஸ்தா வைத்துக்கொண்டே சொன்னேன், உங்களுக்கு இடது பக்கம் வருவது தெரியவில்லை என்று. தட்டைத் தள்ளிவிட்டார்.

"லெஃப்டு எந்த டிரைவருக்குத்தான் தெரியும்? நாம குந்துறது ரைட்ல. கிளீனரக் கேட்டாலே சொல்லுவான்."

"இங்க ஸ்டூல்லதான குந்திகினு இருந்தீங்க?"

ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "என்னிய வேவு பாத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். கத்தினார். நானும் கத்தினேன் – பொழப்பு போனா போகட்டும், யாரு தலையிலயாவது ஏத்திட்டு வந்து நின்னீங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டு சகுந்தலா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் கன்ட்ரோலரை இவர் கையிலேயே கொடுத்தேன். எதிர்ச் சுவரில் இருக்கிற வசனக் காலண்டரை மட்டும் பாருங்கள், இன்ஜின் கண்ணில் பட்டதும் நீங்களே நிறுத்துங்கள் என்றேன். திருகினார். இடது பக்கத்திலிருந்து இன்ஜின் வந்தது. இவர் நெஞ்சுக்கு நேரே வந்தபிறகுதான் நின்றது. இன்னொரு முறை. அதே இடம். மூன்றாவது முறையும் அதே இடம்.

கன்ட்ரோலரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஆட்டோக்காரன் அவன் வழிலயேதான் வந்துகினு இருந்திருப்பான்," என்றார். "நான் அவன அவ்ளோ திட்டனேன் மார்க்ரெட்டு."

ஜூன் 17 – செவ்வாய்

விடியும்போதே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. விஜயவாடாவுக்குத்தான் என்று நினைத்தேன். லைனில் நின்று வயர் மாற்றி மாற்றிச் சொருகி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டீ பிரேக்கில் போனைப் பார்த்தால் மூன்று மிஸ்டு கால். உடனே கூப்பிட்டேன்.

"மொதலாளி யார்டுல வண்டி சாவியக் குடுத்துட்டேன். கண்ணாஸ்பத்திரில கீறேன். மோவாய ஒரு மெஷின்ல வெக்க சொல்லி, உள்ள லைட்டு தெரிஞ்சா பட்டன் அமுக்குன்றாங்க. மெஷினாண்ட கீற பொண்ணு உன்ன மாதிரியே பேஜார் பண்ணுது."

கம்பெனி பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 18 – புதன்

இன்று லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். கண்ணில் நீர் அழுத்தமாம். வலி இருக்காதாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டு வருமாம். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான், மூக்கோரமாக ஆரம்பம்; அதனால்தான் இரண்டு கண்ணும் சேர்ந்தும் இடது பக்கம் தெரியவில்லையாம். போனது திரும்பாது. மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கனரக வண்டி இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, இவர் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

ஜூலை 6 – ஞாயிறு

மேஜைப் பக்கம் வருவதில்லை. நானும் ரயிலை எடுப்பதில்லை. முதலாளி யார்டிலேயே வேலை தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். வருகிற டிரைலருக்கு ரிவர்ஸ் காட்டும் வேலை. "நேத்து வரிக்கும் எனக்கு சல்யூட் அட்ச்சவனுங்களுக்கு நான் விசில் ஊதணுமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அந்தப் பரீட்சையை வைக்காமலே இருந்திருந்தால்? அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது.

ஜூலை 22 – செவ்வாய்

காலையிலும் ராத்திரியிலும் மருந்து விடுகிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். குழந்தைகூட இத்தனை அடம் பிடிக்காது.

ஆகஸ்ட் 4 – திங்கள்

விசிலை வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போயிருக்கிறார். நான் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் பிள்ளைகளுக்காகப் பொம்மை ரயில் காட்சி. ராஜாராம் அண்ணன்தான் ஏற்பாடு. தனியாகப் போகிறேன் என்று சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆளுக்கொரு பெட்டியோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். ரிசார்ட் ஈ.சி.ஆர் ரோட்டுக்கு எதிர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, கார்கள் பறக்கின்றன. இவரோடு ரோட்டைக் கடப்பது எப்போதுமே எனக்குத் தலைவேதனை. யாருக்கும் நிற்க மாட்டார், விறுவிறுவென்று போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். இன்றும் அப்படித்தான் ஓடப் போகிறார் என்று பயந்துகொண்டே நின்றேன்.

ஓரத்திலேயே நின்றார். வலது பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மார்க்ரெட்டு, எனக்கு லெஃப்ட் சைடுல வா."

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவர் கையைப் பிடித்தேன். பாதி ரோட்டில் இடது பக்கத்திலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது.

"நில்லுங்க," என்றேன்.

நின்றார்.