நீ அனுப்பிய கால்பட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் நீ அவசரப்படும்போது சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடுகிறது, அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அம்மாவின் நடை.
2. கால்பட்டை பழுதாகிவிட்டது.
3. நீ வராதது.

பக்கவாதத்தில் துவண்ட வலது காலில், முழங்காலுக்குக் கீழே, நீ அனுப்பிய பட்டையைக் கட்டி அம்மாவைக் கூடத்தில் சுவரோரமாக நடக்கவைக்கிறேன். அதோடு வந்த குறிப்பில் உள்ளபடிதான் கட்டுகிறேன், இருந்தாலும் இறுக்கிவிட்டேனோ, தளர்த்திவிட்டேனோ என்று சந்தேகம். பாதம் தரையில் இழுபட்டால் அது அதிரும். உங்களை மாதிரியே தொணதொணக்குது என்பாள் அம்மா. ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தாள். பட்டை அம்மாவின் நடையை அளந்து உன் ஃபோனில் காட்டும் அந்தக் கோடு ஏறியதைப் பார்த்துத்தானே, அம்மாதான் தேறிட்டாங்களே, நான் இப்ப வரலப்பா என்று டிக்கெட்டை ரத்து செய்தாய். ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, நல்லது என்றாள். அதன் பிறகு கோடு இறங்கிக்கொண்டே போகிறது. திரையில் வந்து பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி பெண், ஐயா, நீங்க ஒழுங்கா நடக்கவைக்கறதில்லையா என்கிறாள். நீயும் அதையே கேட்டுச் செய்தி அனுப்பினாய். பெற்றவளைக் கோடாக மட்டும் பார்க்கிறவள் என்னைக் கேட்கிறாளே என்று கசந்தது. கழற்றிக் கழற்றிக் கட்டிப் பார்த்தேன், பழுது கருவியில்தான் என்று முடிவு செய்து, வேறொன்று அனுப்பு என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதும்போது பட்டை சார்ஜில் கிடந்தது, அடுப்பில் வைத்த பாலை நான் மறந்துவிட்டேன். பால் பொங்குது, காது அடைச்சுப்போச்சா என்று குரல் கேட்டு எழுந்துபோனால், அம்மா அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஊன்றும் கைத்தடி கட்டிலோரம் சாத்தியபடியே இருக்கிறது. அவளே சொன்னாள், கோடு ஏறுனா அவ வர மாட்டா, நீங்க வாயைத் திறக்காதீங்க என்று. வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

மூன்றாவதைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ். இந்த வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது, தொலைத்துவிடாதே. திருத்தி எழுத மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. கருவி பழுதாகவில்லை.

உன் அப்பா