துரைசானி கல்லறையில் இரண்டு குரல்

பாபநாசம்,
மார்கழி பத்து.

அன்புள்ள காத்தாயிக்கு அம்சம் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டிய முறை உன்னுடையது. பங்குனியில் என் வீட்டுக்காரர் போனபோது பதினாறாம் நாளுக்குக்கூட நீ வரவில்லை. போனில் இதைச் சொன்னால் டொக்கென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. செம்மொழி, உன் ஆயாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படி. திட்டுகிற இடத்தைத் தாண்டிப் போகாதே. பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் பார்த்துத் தானாக எழுத்துக் கற்றவள் நான். பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

சம்பா பால் பிடித்து நிற்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற கீழ்த்தலை வயல் மட்டும் அழுகிவிட்டது, மற்றது தேறிவிட்டது. இப்போதெல்லாம் மெஷின்தான் நடுகிறது. அதற்குக் குலவை போடத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் வாய்க்கால் கரை வெள்ளைக்காரன் கல்லறைக்குப் போய் வந்தேன். வானதி என்று ஒரு கல்லூரி டீச்சர், கும்பகோணத்திலிருந்து முப்பது பிள்ளைகளை வேனில் அழைத்து வந்து சுற்றிக் காட்டுகிறது. ஊரில் ஒருவரும் கூடப் போகவில்லை, உச்சிப்பொழுது நெருங்குகிறதாம். நான் போனேன்.

இறக்கை உடைந்த அந்தக் கல் பொம்மைக்குப் பக்கத்தில், மேடை மாதிரி ஒரு கல் இருக்குமே, நாம் தலை வைத்துப் படுத்த கல்? அதில் எழுதியிருப்பதை வானதி படித்துச் சொன்னது. எலிசா என்று ஒரு பெண்ணாம். பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாளாம். பத்தொன்பது வயது. நமக்கும் அப்போது அவ்வளவுதான் காத்தாயி. தெரிந்திருந்தால் ஒரு பூவாவது வைத்துவிட்டுப் படுத்திருப்போம்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உச்சிப்பொழுதில் அந்தத் துரைசானி அழுவாளாம், மேற்கு மதில் பக்கமிருந்து அவள் பிள்ளை பதில் கொடுக்குமாம். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு இதையெல்லாம் எழுதி அங்கே போர்டு வைக்கப்போகிறார்களாம். “மக்கள் நம்புகிறார்கள்” என்று எழுதுவார்களாம். எந்த மக்கள்? என்னைக் கேட்டார்களா?

அப்படியே மறித்தேன். “டீச்சர், அந்தப் பொண்ணு யாரையும் பயமுறுத்தல. பேய் நான்தான்” என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தன் “ஆயா, பேயோட ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?” என்றான். “எடுத்துக்கடா, கை கால் எல்லாம் இருக்கான்னு பாத்துக்க” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுவை நடவில் கஞ்சி குடித்துவிட்டு ஒரு கண் அசரலாம் என்றால் வேலை வாங்குகிற பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்து எழுப்பிவிடுவார். அதனால்தான் நாம் இரண்டு பேரும் மதில் ஏறிக் குதித்து இங்கே வந்து படுத்தோம் என்றேன். அவர் தேடி வந்த அன்று நான் கல்லுக்குப் பின்னாலிருந்து குலவை போட, நீ மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் குலவை போட, மனுஷன் குடையைப் போட்டுவிட்டு வரப்பில் உருண்டு ஓடியதையும் சொன்னேன். மூன்று நாள் அந்தக் குடை அங்கேயே கிடந்தது. எடுக்க ஆள் இல்லை. அதோடு நடவுக்காரர்கள் எல்லாருக்கும் மத்தியானத் தூக்கம் கிடைத்தது. நாம் செய்த காரியம் இது. ஐம்பது வருஷமாக அந்த வெள்ளைக்காரப் பெண் பேரில் நடக்கிறது.

“போட்டுக் காட்டுங்கம்மா” என்றது வானதி. போட்டேன். முன்பல் இல்லாமல் பாதி காற்றாய்ப் போனாலும், இலுப்பை மரத்துக் காக்கை எல்லாம் எழும்பிவிட்டன. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் அந்த டீச்சர் லேசுப்பட்டது இல்லை. “ஊர்ல ரெண்டு குரல்னுதானேங்கம்மா சொல்றாங்க? இன்னொண்ணு யாரு?” என்று கேட்டது.

நான் பழக்கத்தில் மேற்கு மதிலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சத்தம் வரவில்லை. வராது என்று தெரியாதா எனக்கு? ஆனாலும் நின்றேன்.

“திருப்பூர்ல இருக்கா. வருவா” என்று சொல்லிவிட்டேன். அப்படி நீயும் வந்தால் போர்டில் துரைசானியை எடுத்துவிட்டு நம் பேரைப் போடுவதாக வானதி ஒப்புக்கொண்டது. உன் பேருக்கு முன்னால்தான் என் பேர் வர வேண்டும். முதல் குலவை நான் போட்டது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உனக்கு முட்டி வலி, படி இறங்கவே முடியவில்லை என்று பரிதி சொன்னான். பங்குனியிலும் அதுதானாம். உன் மகன் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? நீ சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? அவன் காரில் அழைத்து வரட்டும். மதில் ஏற வேண்டாம், இப்போது கேட் போட்டுவிட்டார்கள். வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டில் சும்மாதான் கிடக்கிறது. கயிறு மாற்றி இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடு. போர்டு வைத்த பிறகும் நாலு நாள் இரு.

செம்மொழி, நீ நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும். இதைப் படித்து முடித்ததும் உன் ஆயாவை ஒரு குலவை போடச் சொல்லி, போனில் பதிந்து அனுப்பு. தொண்டை இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
அம்சம்.