அறையில் ஆள் இருக்கிறார்

செவ்வாய்க்கிழமை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம், உங்கள் மூவர் நலத்தையும் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இப்போது இருக்கிற கோபத்தில் அந்த வரியை எழுதினால் பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிடும். அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். சொன்னால் "சரிம்மா, நான் பாத்துக்கறேன்மா" என்பாய். அதற்குள் உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடும். காகிதத்துக்கு இன்னொரு அழைப்பு வராது. கூரியரில் அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் அப்பாவின் கண். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் பத்தியம் என்பது உனக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள். விழித்திரை கிழிந்த இடத்தை அதுதான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக அவர் குப்புறவே படுத்திருக்க வேண்டும், அசையக் கூடாது, தலையைத் தூக்கவே கூடாது. தூக்கினால் குமிழி நகர்ந்துவிடும். அந்தக் கண் போனால் போனதுதான். இன்னொரு கண்ணின் லட்சணம் உனக்குத் தெரியாததல்ல. வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்காத மனிதர், டாக்டர் பேச்சை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு கட்டிப்போட்ட மாதிரி கிடந்தார்.

இனி நீ எங்களுக்காகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்த ஓட்டல். ஆஸ்பத்திரிக்கு எதிரே, பசுமை ஓட்டல் என்று பரிசு வாங்கியது என்று படமெல்லாம் அனுப்பினாய். படத்தில் எல்லாம் இருந்தது, மனிதர்களைத் தவிர. வரவேற்பில் ஆள் கிடையாது; ஒரு கணினித் திரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாவி கிடையாது, போனைக் காட்டினால் கதவு திறக்கும். அறையில் தொலைபேசி கிடையாது. ஜன்னல் திறக்காது, ஏசிக் குளிர் வெளியே போய்விடுமாம். வெயில் ஏறினால் திரைச்சீலை தானாக மூடிக்கொள்ளும். இரண்டாம் நாள் கட்டிலில் ஓர் அட்டை: "இன்று அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லிப் பூமியைக் காப்பாற்றியதற்கு நன்றி." நான் எப்போது சொன்னேன்? நீ அங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லியிருக்கிறாய், ஏதோ புள்ளிகள் தருகிறார்கள் என்று.

நான் சிக்கனத்துக்கு எதிரி இல்லை, ராஜா. காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவள் நான். என் கையால் வீட்டில் ஒரு விளக்கு வீணாக எரிந்தது உண்டா? பூமியைக் காப்பாற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்தப் பூமியில் உன் அப்பாவும் ஓர் ஆள்தானே.

அறையின் கூரையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி இருந்தது. கீழே அசைவு இருந்தால் ஆள் இருப்பதாக நினைக்கும். அசைவு இல்லையென்றால் ஆள் இல்லை என்று விளக்கு, குளிர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அப்பாவோ அசையக் கூடாதவர். ஆகவே அவருக்கும் சேர்த்து நான் அசைந்தேன். நாற்காலியை விட்டு எழுந்து எழுந்து கூரையைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். வளையல் சத்தம் கேட்டு அவர் குப்புறக் கிடந்தபடியே, "யாருக்கு டாட்டா காட்டற?" என்பார். உன்னிடம் சொன்னபோது, "அது எனர்ஜி சேவிங்மா" என்றாய். நினைவிருக்கிறதா?

வியாழக்கிழமை மத்தியானம் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கிவர எதிரே போனேன். மருந்துக்கடையில் கூட்டம். திரும்பி வந்து போனைக் கதவில் காட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. போனில், "எங்களுடன் தங்கியதற்கு நன்றி, மீண்டும் வருக" என்று வந்து நிற்கிறது. நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. தங்கும் நாளை நீ நீட்டித்திருந்தாய். அதை உறுதி செய்யச் சொல்லி உனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. நீ பார்க்கவில்லை. அறையிலும் அசைவில்லை. சரி, காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அதுவே தீர்மானித்து, கதவைப் பூட்டி, மின்சாரத்தை நிறுத்தி, அறையை அடுத்தவருக்கும் கொடுத்துவிட்டது.

கீழே ஓடினேன். திரையைத் தட்டினேன், குத்தினேன். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. "ரூம் பதிவு செஞ்சவரோட நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கோம் மேடம், அதைச் சொல்லுங்க" என்றாள். பதிவு செய்தவர் நீ. உனக்கு அப்போது நடுராத்திரி. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், மணி போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார் என்றேன். "எங்க சிஸ்டத்துல ரூம் காலின்னு காட்டுது மேடம்" என்றாள். "காலி இல்லம்மா, என் வீட்டுக்காரர் படுத்திருக்காரு" என்று கெஞ்சினேன். அதற்கு அவள் சொன்னாள்: "அசைவு எதுவும் பதிவாகல மேடம்." ஒரு மனைவியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

மறுபடியும் மேலே ஓடினேன். கதவில் காதை வைத்தால் அப்பா குரல் கேட்டது. "கரண்ட் போச்சு போலிருக்கு. மூச்சு முட்டுது. நானே வந்து தொறக்கட்டுமா?" என்றார். கழிவறைக்குக்கூட நான் தோளைப் பிடித்துக் குனிந்தபடியே நடத்திக்கொண்டு போகிற மனிதர். அந்த இருட்டில் மேசை முனையில் தலையை இடித்துக்கொண்டால்? "எழுந்திரிக்காதீங்க! தலையத் தூக்காதீங்க!" என்று அந்த நடை முழுவதும் எதிரொலிக்கக் கத்தினேன். உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்தவள்தான் மூன்றாம் மாடிக்காரி. அந்த மாடி அறைகளைச் சுத்தம் செய்கிறவள். அப்பா நெற்றியைத் தாங்க ஒரு தலையணை போதவில்லை என்று கண்டதும், கேட்காமலே இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தவள். தன் போனைக் கதவில் காட்டினாள். அவளுக்கு அன்று கொடுத்த வேலையில் அந்த அறை இல்லை என்பதால் அவளுக்கும் திறக்கவில்லை. "உள்ள யாரும்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சொன்னேன். போனவள் பிளம்பர் அறையிலிருந்து கடப்பாரையோடு வந்தாள். "ஒடைக்கட்டுமா?" என்றாள். "ஒடைம்மா. நான்தான் ஒடைக்கச் சொன்னேன்னு சொல்லு" என்றேன். மரத்தூளை அழுத்திச் செய்த பசுமைக் கதவு; பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அந்தக் கட்டடத்திலேயே எனக்குக் குறை சொல்லத் தோன்றாத ஒரே பசுமை அதுதான்.

அப்பா கட்டிலை விட்டு இறங்கியிருந்தார். தரையில் முழங்காலிட்டு, முகத்தை மெத்தையில் புதைத்து, இரண்டு கையாலும் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தது. நான் தொட்டதும், "தலையத் தூக்கலடி" என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

அதற்குள் வாசலில் ஓர் இளம் ஜோடி பெட்டியோடு வந்து முழித்துக்கொண்டு நின்றது. அறை அவர்களுக்காம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அவர்கள் போனுக்குக் கதவு சமர்த்தாகத் திறந்திருக்கும். முன்பின் தெரியாதவர்களுக்குத் திறக்கும், கட்டினவளுக்குத் திறக்காது.

தலை குனிந்தபடியே அவரை எதிரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்; டாக்டர் உடனே பார்த்தார். குமிழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நல்ல காலம்.

ஓட்டலிலிருந்து மறுநாள் செய்தி வந்தது. வருந்துகிறார்களாம். எப்போது வேண்டுமானாலும் இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாமாம். அதோடு, அப்பா பெயரில் ஒரு மரம் நடுகிறார்களாம். படித்துக் காட்டினேன். "அசையலங்கறதுக்காக மரமாவே ஆக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்றே இன்னொரு சேதியும் வந்தது. மூன்றாம் மாடிக்காரிக்கு வேலை போய்விட்டது. போ என்று யாரும் சொல்லவில்லை. காலையில் அவள் போனைத் திறந்தால் சுத்தம் செய்ய ஓர் அறைகூட இல்லை. மறுநாளும் இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. ஒரு மனுஷியை வேலையை விட்டுத் துரத்துவதற்குக்கூட எதிரே வந்து நிற்க ஓர் ஆள் மிச்சமில்லை, பார்த்தாயா?

நான் விடவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரி நர்ஸ் பொறுப்பில் விட்டுவிட்டு, சனிக்கிழமை போய் அந்த வரவேற்பு சோபாவில் உட்கார்ந்தேன். மேனேஜர் வருகிறவரை எழுந்திருக்கமாட்டேன் என்று திரையிடம் சொல்லிவிட்டேன். அது வழக்கம்போலச் சிரித்தது. சாயங்காலம் வந்தார். பல ஓட்டல்களுக்கு அவர் ஒருவர்தானாம், உன் வயசுதான் இருக்கும், பாவம், கண்ணெல்லாம் தூக்கம். கதவை உடைக்கச் சொன்னது நான், தண்டனை அவளுக்கா என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மேடம், உங்க பையன் வெள்ளிக்கிழமையே நாங்க அனுப்பின சமாதான மெசேஜ அக்செப்ட் பண்ணி கேஸ க்ளோஸ் பண்ணிட்டாரே. ஊழியர் அத்துமீறி உடைச்சதா அதுல இருக்கு."

இத்தனை நேரம் அந்த மனிதரிடம் எகிறிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கைதான் பொத்தானை அழுத்தியிருக்கிறது. ஆனாலும், "நான் உயிரோடதான் இருக்கேன். என்னைக் கேக்காம என் வழக்கை எப்படி மூடினீங்க?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதிவு செய்தவர் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், விருந்தாளி சொல்லித்தான் உடைத்தார்கள் என்று தானே எழுதி அவளை வேலைக்குச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு அவருடையது, செய்ய வேண்டியது நீ.

நீ படிக்காமல் அழுத்தியிருப்பாய். தெரியும். அம்மா அப்பாவுக்கு ஒரு சிரமம் என்றதும் சட்டென்று தீர்த்துவைக்கத்தான் பார்த்திருப்பாய். உன்னிடம் எனக்குக் கோபமே அதுதான். எல்லாவற்றையும் சட்டென்று தீர்த்துவைக்கிறாய். இதைக் கையோடு திரும்பப் பெறு. அவளுக்கு நீயே போன் செய்து, உன் வாயால் பேசு. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் இப்போது ஆஸ்பத்திரிப் பின்தெருவில் ஓர் அறையில் இருக்கிறோம். ஜன்னல் திறக்கிறது. மத்தியானத்தில் மூன்றாம் மாடிக்காரி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் போய் மருந்து வாங்கி வருகிறேன். வேலைக்கு அலைய வேண்டியவள், எதற்கம்மா என்று கேட்டால், "சும்மா உக்காந்திருக்கறதுதானேம்மா" என்கிறாள். சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை பெரிய உபகாரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அப்போதுதான் கொஞ்சம் தெரியுமாம். எதிரே நிற்பவர்களின் முகம் தெரிகிறதா என்று கேட்பார்களாம். நான் நிற்பேன். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். சின்ன அறைதான், இன்னும் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா